நகையும் அச்சமும் – நடிகர் நாகேஷ்

நுழையும்முன்

தமிழ்த் திரையில் நகைச்சுவை என்றதும் நினைவில் எழும் முகங்களுள் ஒன்று நாகேஷின் முகம். சிரிக்கவைத்தவர் என்ற அளவிலேயே அவரைப் பலர் அறிவர். அச்சத்தையும் அழுகையையும் அவலத்தையும் அதே உடலால், அதே குரலால் உணர்த்தியவர் அவர் என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். மேடை நாடகமாகப் பிறந்து திரைப்படமாக வளர்ந்த ஒரு பதற்றக் கதையில் அவர் ஏற்ற தையற்காரர் வேடத்தை நடுவாகக்கொண்டு அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தையற்கார அண்ணன்

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியாகிய நல்லூரில் பொழுது விடிந்ததும் பனியன் கம்பெனிகளின் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிடும். ஓவர்லாக் இயந்திரத்தின்முன் குனிந்த தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் தையற்காரர்களைத் தெருவுக்குத் தெரு காணலாம். அண்ணன் தைத்த கூலியில் தங்கை படிக்கும் வீடுகளும் அங்கு உண்டு. 1966-ஆம் ஆண்டு வெளிவந்த 'மேஜர் சந்திரகாந்த்' திரைப்படத்தில் வரும் மோகனும் அத்தகைய ஓர் அண்ணனே. தையல் தொழிலால் வாழ்பவன். தங்கை விமலாவையே தன் உலகமாகக் கருதுபவன். அந்த மோகனாக நடித்தவர் நாகேஷ். அவர் பிறந்த தாராபுரம் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று நல்லூரைப் போலவே திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

அவ்வேடம் அவருக்குக் கிடைத்தபோது தமிழகமே அவரைக் கண்டவுடன் சிரிக்கப் பழகியிருந்தது. கண்டவுடன் சிரிப்பு வரும் ஒருவரைக் கொலை செய்துவிட்டு ஒளிந்தோடும் மனிதனாக மக்கள் ஏற்பார்களா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை அவர் எவ்வாறு வென்றார் என்பதை அறிய, அவர் நடந்துவந்த வழியை முதலில் அறிதல் வேண்டும்.

தாராபுரம் முதல் சென்னை வரை

அமராவதி ஆற்றங்கரை ஊராகிய தாராபுரத்தில் 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நாகேஷ் பிறந்தார். பெற்றோர் கிருஷ்ணராவ், ருக்மணி அம்மாள். நாகேஸ்வரன் என்னும் பெயரே பின்னாளில் நாகேஷ் எனச் சுருங்கி நின்றது. வீட்டில் பேசிய மொழி கன்னடம். தெருவிலும் பள்ளியிலும் புழங்கிய மொழி கொங்குத் தமிழ். பிற்காலத்தில் தமிழின் ஒவ்வொரு வட்டார வழக்கையும் ஒலி பிசகாமல் பேசிக்காட்டியவர், அம்மொழியைச் செவியால் கேட்டுக் கேட்டே தனதாக்கிக்கொண்டவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இளமையில் அவரைப் பெரியம்மை தாக்கியது. உயிர் தப்பினார், ஆயினும் முகமெங்கும் வடுக்கள் தங்கிவிட்டன. அந்நாளில் பெரியம்மை ஊர்தோறும் உயிர்களைப் பறித்துவந்த கொடிய நோய். தடுப்பூசியின் இடையறாப் பயன்பாட்டால் அந்நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாகேஷின் இளமைக்காலத்தில் அந்த விடியல் இன்னும் வெகுதொலைவில் இருந்தது. கண்ணாடியின்முன் நிற்கக் கூசும் வயதில், முகம் மாறிப்போன ஓர் இளைஞன் என்ன துன்பம் அடைந்திருப்பான் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அவர் பின்னர் அடைந்த வெற்றியின் அளவு புலப்படும்.

வீட்டைவிட்டு வெளியேறிய அவர் கிடைத்த வேலைகளைச் செய்து வயிறு வளர்த்தார். பின்னர்ச் சென்னையில் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. திரைத்துறையில் நுழையத் துடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் அவருக்கு அறை நண்பர்களாக வாய்த்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் கவிஞர் வாலி எனப் புகழ்பெற்றவர். பசியும் பகடியும் அந்த அறையில் ஒன்றாகவே குடியிருந்தன. ஒருவர் கையில் காசு இருக்கும் நாளில் அனைவரும் உண்பதும், இல்லாத நாளில் அனைவரும் பேச்சால் பசியாறுவதும் அங்கு வழக்கமாக இருந்தன.

வயிற்றுவலிக்காரர்

அக்காலத்தில் அரசு அலுவலகங்களிலும் இரயில்வே, தபால்துறை போன்ற நிறுவனங்களிலும் பணியாளர் மன்றங்கள் நாடகங்களை நடத்திவந்தன. பகலில் கோப்பு பார்த்தவர்கள் மாலையில் அரிதாரம் பூசினர். நாகேஷும் அவ்வாறே மேடை ஏறினார். ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலியால் துடிக்கும் நோயாளியின் சிறுவேடம். கதையோட்டத்திற்கு இன்றியமையாத வேடமும் அன்று அது; ஓரிரு நிமிடங்களில் வந்துபோக வேண்டியது. ஆனால், உடலை வில்லாக வளைத்தும் நெளித்தும் அவர் துடித்த துடிப்பில் அரங்கமே அதிர்ந்தது. விழாவிற்குத் தலைமை ஏற்றிருந்த எம்.ஜி.ஆர், நாடகத்தின் முதன்மை நடிகர்களைக் கடந்து அந்த நோயாளியாக நடித்தவரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

இந்நிகழ்வில் நாம் காணத்தக்க உண்மை ஒன்று உண்டு. அரங்கம் சிரித்தது; ஆனால், மேடையில் நிகழ்ந்தது வலி. வலியை நகையாக மாற்றும் கலை நாகேஷிடம் தொடக்கத்திலேயே இருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையும் அழுகையும் அடுத்தடுத்து நிற்பன. அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது. அந்த எல்லைமீதே நாகேஷ் வாழ்நாள் முழுவதும் நடந்தார்.

1959-ஆம் ஆண்டு வெளிவந்த 'தாமரைக்குளம்' அவர் திரையில் தோன்றிய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அழகிய முகமே நடிகருக்கு மூலதனம் என்று நம்பப்பட்ட காலத்தில், மெலிந்த உடலும் வடு நிறைந்த முகமும் கொண்ட ஒருவர், தம் கை கால்களின் வேகத்தாலும் சொல்லை உதிர்க்கும் நேரத்தின் நுட்பத்தாலும் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார்.

குரலால் பிறந்த அச்சம்

1964-ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' தமிழ் நகைச்சுவைப் படங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அதில் திரைப்படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷும், அவருடைய செல்வந்தத் தந்தையாக டி.எஸ்.பாலையாவும் நடித்தனர். தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை மகன் தந்தைக்குச் சொல்லும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அக்காட்சியில் பேய் இல்லை, இருள் இல்லை, பின்னணியில் எந்த மாயமும் இல்லை. கதவு திறக்கும் ஓசையையும் காலடியையும் தம் வாயாலேயே எழுப்பி, திடீரென நிறுத்தி, மீண்டும் தொடர்ந்து, கேட்பவரை நடுங்கவைக்கிறார் நாகேஷ். பாலையாவின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. பார்ப்பவர்களோ சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகின்றனர்.

பதற்றக் கதைகளின் அடிப்படை இலக்கணம் இக்காட்சியில் அடங்கியிருக்கிறது. அச்சம் என்பது காட்டப்படும் பொருளில் இல்லை. அடுத்து என்ன நேருமோ என்று காத்திருக்கும் நெஞ்சில் இருக்கிறது. எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவரே அந்தக் காத்திருப்பை உண்டாக்க இயலும். சிரிக்கவைக்கத் தேவைப்படுவதும் அதே அறிவுதான். நகைச்சுவைக்காக நாகேஷ் பயின்ற பயிற்சியே அச்சச் சுவைக்கும் அவரை ஆயத்தப்படுத்தியது.

பாலச்சந்தரின் நட்பு

அந்நாளில் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றியவாறே நாடகங்களை எழுதி இயக்கிவந்தவர் கே.பாலச்சந்தர். நாகேஷுக்குள் இருந்த துயர நடிகரை அடையாளம் கண்டவர்களுள் முதன்மையானவர் அவரே. நாகேஷை மனத்திற்கொண்டு அவர் எழுதிய 'சர்வர் சுந்தரம்' மேடையில் வெற்றி பெற்றது; 1964-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. உணவகத்தில் பரிமாறும் எளிய இளைஞன் புகழ்பெற்ற நடிகனாக உயர்கிறான். ஆயினும், விரும்பியவை அவன் கைக்கு எட்டுவதில்லை. தோற்றப்பொலிவு இல்லாத ஒருவனின் ஏக்கத்தை நாகேஷ் நடித்துக்காட்டியபோது, அது நடிப்பா அவருடைய சொந்த நினைவா என்று பிரித்தறிய முடியாதிருந்தது.

1965-இல் பாலச்சந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யும் மேடையிலிருந்து வந்த கதையே. மருத்துவமனையில் பிறரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இறப்பை நோக்கி நகரும் நோயாளியாக அதில் நாகேஷ் நடித்தார். வயிற்றுவலிக்காரராக மேடையேறியவர், சில ஆண்டுகளுக்குள் ஒரு நோயாளியின் வாழ்வும் சாவும் குறித்த முழுப்படத்தைத் தாங்கி நின்றார். அதே ஆண்டில் 'திருவிளையாடல்' படத்தில் வறுமையும் ஆசையும் தன்மானமும் ஒருங்கே கொண்ட தருமியாகவும் அவர் நிலைபெற்றார்.

மேடையிலிருந்து திரைக்கு

பாலச்சந்தரின் நாடகங்களுள் பெரும்புகழ் ஈட்டியது 'மேஜர் சந்திரகாந்த்'. அதில் பார்வை இழந்த ஓய்வுபெற்ற படைத்தலைவராக நடித்த சுந்தரராஜனின் பெயருடன் மேஜர் என்னும் பட்டம் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. தமிழில் படமாகும் முன்னரே 1965-இல் அந்நாடகம் 'ஊஞ்சே லோக்' என்னும் பெயரில் இந்தியில் திரைப்படமாயிற்று. அதில் மேஜராக நடித்தவர் அசோக்குமார். மறு ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத் தயாரிப்பில், பாலச்சந்தரின் இயக்கத்தில் தமிழ்ப்படம் வெளிவந்தது. வி.குமார் இசையமைத்தார், பழைய அறை நண்பர் வாலி பாடல்கள் எழுதினார். மேஜராகச் சுந்தரராஜனே நடிக்க, மோகனாக நாகேஷும் அவன் தங்கை விமலாவாக ஜெயலலிதாவும் நடித்தனர்.

கதை இதுதான். மேஜர் சந்திரகாந்துக்கு மகன்கள் இருவர். மூத்தவன் ஸ்ரீகாந்த் காவல்துறை அதிகாரி, இளையவன் ரஜினிகாந்த். இளையவன் விமலாவைக் காதலிப்பதாகக் கூறி ஏமாற்றுகிறான். அவமானம் தாங்காத அவள் உயிர் துறக்கிறாள். தங்கையை இழந்த மோகன் சினத்தால் அறிவிழந்து அவனைக் கொன்றுவிடுகிறான். காவலர்க்கு அஞ்சி ஓடியவன் அடைக்கலம் புகுந்த வீடு மேஜருடையது. தன்னை நாடி வந்தவனின் உடன்பிறப்புப் பாசத்தைக் கேட்டு உருகிய அம்முதியவர் அவனுக்குப் புகலிடம் தருகிறார். கொல்லப்பட்டவன் தம் மகனே என்பதை அவர் அப்போது அறியார். தாம் புகுந்திருப்பது யாருடைய வீடு என்பதை அவனும் அறியான்.

பதற்றக் கதைகள் இருவகைப்படும். குற்றவாளி யார் என்பதை இறுதிவரை மறைத்துவைப்பது ஒருவகை. பாடல்களே இல்லாமல் 1954-இல் வெளிவந்த எஸ்.பாலச்சந்தரின் 'அந்த நாள்' அவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குற்றவாளி யார் என்பதைப் பார்ப்பவர்க்கு முன்பே உணர்த்திவிட்டு, கதைமாந்தர் அதனை எப்போது அறிவர் என்று நெஞ்சம் பதறக் காத்திருக்கச் செய்வது மற்றொரு வகை. பிரடெரிக் நாட் எழுதிய மேடை நாடகத்தை ஆல்பிரட் ஹிட்ச்காக் 1954-இல் 'டயல் எம் ஃபார் மர்டர்' என்னும் படமாக்கியபோது இவ்வகையையே கையாண்டார். அப்படத்தின் பெரும்பகுதி ஒரே வீட்டினுள் நிகழ்கிறது. 'மேஜர் சந்திரகாந்த்' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மேடைக்கு எழுதப்பட்ட கதை பெரும்பாலும் ஓர் அறைக்குள் நடக்கும். துரத்தலையும் ஓட்டத்தையும் மேடையில் காட்டுவது அரிது. ஆகவே, உரையாடலும் மௌனமுமே அங்குப் பதற்றத்தைச் சுமக்கின்றன. திரைப்படம் கூடுதலாகத் தருவது ஒன்று: நடிகரின் முகத்தை மிக அருகில் காட்டும் அண்மைக் காட்சி. மேடையின் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு எட்டாத விழியசைவும் இதழ்த் துடிப்பும் திரையில் எல்லார்க்கும் எட்டுகின்றன. ஒருவர்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மற்றொருவர்க்கு ஏற்பப் பிரித்துத் தைப்பது போன்றது, நாடகத்தைப் படமாக்கும் பணி. துணி அதுவே; ஆனால், வெட்டும் தையலும் வேறாகிவிடும்.

முகம் காணாதவர்முன்

மோகன் வேடத்தின் அருமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. அவன் எதிரில் அமர்ந்திருப்பவர் பார்வையற்றவர். மோகனின் முகத்தில் ஓடும் அச்சமும் குற்றவுணர்வும் அவர்க்குத் தெரியா. குரலும் மூச்சும் மட்டுமே தெரியும். பார்ப்பவர்க்கோ இரண்டும் தெரியும். எனவே, அவ்வேடத்தை ஏற்பவர் ஒரே நேரத்தில் இருவர்க்காக நடிக்க வேண்டும். மேஜர் நம்பும்படி குரல் அமைய வேண்டும். அரங்கில் உள்ளோர் உண்மையை அறியும்படி முகம் அமைய வேண்டும். நகைச்சுவைக்காகக் குரலையும் முகத்தையும் தனித்தனியே ஆளப் பழகிய நாகேஷ், அந்த ஆற்றலை இங்கு அச்சத்திற்கும் துயரத்திற்கும் பயன்படுத்தினார்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. தம் முகத்தைக் கண்டு எடைபோட்ட உலகத்தின்முன் வாழ்ந்தவர் நாகேஷ். இக்கதையிலோ, முகத்தைக் காணவே இயலாத ஒருவர், மோகனின் சொல்லில் உள்ள அன்பை மட்டும் கேட்டு அவனை ஏற்றுக்கொள்கிறார். அக்காட்சிகளில் பெரியம்மை வடு யாருடைய நினைவிலும் இல்லை. அண்ணன் ஒருவனின் தவிப்பு மட்டுமே நிற்கிறது. கண்டவுடன் சிரித்த மக்கள், இம்முறை சிரிக்க மறந்து அவனுக்காக அஞ்சினர். தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு அதுவே விடையாயிற்று.

ஆயினும், கதை மோகனின் செயலை நியாயப்படுத்தவில்லை. துயரம் எவ்வளவு பெரிதாயினும் கொலை குற்றமே. உண்மை வெளிப்பட்டபின் மோகனோடு, குற்றவாளிக்கு இடமளித்த தந்தையும் காவல் அதிகாரியாகிய தம் மகனின்முன் சட்டத்திற்குத் தலைவணங்க நேர்கிறது. கன்றை இழந்த பசுவிற்கு நீதி வழங்கத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்த மனுநீதிச் சோழனின் கதையை அறிந்த தமிழ் மக்களுக்கு, இங்கு மகன் தந்தையைச் சட்டத்தின்முன் நிறுத்தும் காட்சி அந்த மரபின் மறுபக்கமாகத் தோன்றியிருக்கும். அடைக்கலம் தந்த அன்பு பெரிதா, கடமை பெரிதா என்னும் வினாவை நம்மிடமே விட்டுவிட்டுக் கதை முடிகிறது.

தெரியுமா?

இப்படத்தில் மேஜரின் இளைய மகனாக ஏ.வி.எம்.ராஜன் ஏற்ற கதைமாந்தரின் பெயர் ரஜினிகாந்த். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் சிவாஜிராவ் என்னும் இளைஞரை அறிமுகப்படுத்தியபோது, பாலச்சந்தர் அப்பெயரையே அவருக்குச் சூட்டினார். அப்படத்திலும் நாகேஷ் நடித்திருந்தார்.

உச்சமும் பின்னரும்

1968-இல் பாலச்சந்தரின் மற்றொரு நாடகமாகிய 'எதிர்நீச்சல்' திரைப்படமாயிற்று. மாடிப்படியின் கீழ் வாழ்ந்தபடி பிறர் வீட்டு வேலைகளைச் செய்து படிக்கும் ஆதரவற்ற மாதுவாக நாகேஷ் நடித்தார். அதே ஆண்டில் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சூழ்ச்சி நிறைந்த வைத்தியாகவும் தோன்றினார். இரக்கத்திற்குரியவனாகவும் வெறுப்பிற்குரியவனாகவும் ஒரே ஆண்டில் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர்.

பின்னர் வாய்ப்புகள் குறைந்த காலமும் வந்தது. புதிய நகைச்சுவை நடிகர்கள் வந்தனர். ஒரு நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடியவர் காத்திருக்க நேர்ந்தது. ஆனால், கற்ற கலை அவரைக் கைவிடவில்லை. 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் எதிர்நாயகராக வந்து அச்சுறுத்தினார். 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். வாழ்நாளெல்லாம் உடலின் வேகத்தால் சிரிக்கவைத்தவர், அதில் ஓர் அசைவும் ஒரு சொல்லும் இன்றி அரங்கைச் சிரிக்கவைத்தார்.

அதே ஆண்டில் வெளிவந்த 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அவர் நடித்தார். அந்நடிப்பிற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. தங்கையை இழந்த மோகனுக்கும் மகளை இழந்த பேராசிரியருக்கும் இடையே 28 ஆண்டுகள். இளமையில் சினமாக வெடித்த இழப்பு, முதுமையில் ஆழ்ந்த வலியாக அவருடைய முகத்தில் தங்கியது. நாட்டின் உயரிய விருது, நகைச்சுவைக்காக அன்றித் துயர நடிப்பிற்காக அவரைத் தேடி வந்தது குறிப்பிடத்தக்கது.

2008-இல் வெளிவந்த 'தசாவதாரம்' அவருடைய இறுதிக்காலப் படங்களுள் ஒன்று. 2009-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் சென்னையில் நாகேஷ் மறைந்தார். அதே ஆண்டில்தான் தாராபுரத்தையும் உள்ளடக்கித் திருப்பூர் மாவட்டம் உருவாயிற்று. பனியன் தொழிலால் உலகறிந்த மாவட்டத்திற்கு, தையற்காரன் ஒருவனின் துயரத்தைத் திரையில் நிலைநிறுத்திய கலைஞரும் இவ்வாறு உரியவரானார்.

நிறைவாக

நோய் தந்த வடுவை நாகேஷ் அழிக்க முயலவில்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த முகத்தையே கருவியாக்கி நகை, அழுகை, அச்சம் ஆகிய மூன்றையும் அதில் எழுதிக்காட்டினார். சிறுவேடம் என்று எதனையும் அவர் ஒதுக்கவில்லை; வயிற்றுவலிக்காரராக ஓரிரு நிமிடங்கள் நடித்த முழு ஈடுபாட்டையே பிற்காலத்தில் அசையாப் பிணமாகக் கிடந்தபோதும் காட்டினார். பிறர் நம்மை எவ்வாறு காண்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. நம் தொழிலில் நாம் காட்டும் உண்மை நம் கையில் இருக்கிறது. அந்த உண்மையைக் கண்ணால் காணாதவரும் கேட்டறிவர் என்பதை மோகனின் கதையும் அவனாக நடித்தவரின் வாழ்வும் நமக்கு உணர்த்துகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றைச் செய்பவரைக் கதைமாந்தராகக் கொண்டு, ஒரே அறையில் நிகழும் ஓரங்க நாடகம் எழுதி வகுப்பறையில் நடித்துக்காட்டுக.

2. பொருள்கள் எதனையும் பயன்படுத்தாமல், குரலாலும் மௌனத்தாலும் மட்டும் அச்சத்தைத் தோற்றுவிக்கும் சிறுகதை ஒன்றை வகுப்பில் சொல்லிக்காட்டுக.

3. குற்றவாளிக்கு அடைக்கலம் தந்த மேஜரின் செயல் ஏற்புடையதா என்பது குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

சிறுவினா

1. வயிற்றுவலிக்காரர் வேடம் நாகேஷின் கலைவாழ்வில் பெறும் இடம் யாது?

2. பதற்றக் கதையின் இரு வகைகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

நெடுவினா

பார்வையற்றவர்முன் நடிக்க வேண்டிய மோகன் வேடம் நாகேஷின் திறனை எவ்வாறு வெளிப்படுத்தியது என்பதைப் பாடத்தின்வழி விவரிக்க.